புதிய ஃபோர்டு ஜிடி: லெ மான் வாரிசுதானா?

1966-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் அள்ளிய கார் ஃபோர்டு ஜிடி40. அதன் வழிவந்தவை என்று 2005 மாடலாக ஒன்றும் 2017 மாடலாக ஒன்றும் வந்தன. வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர், ஓசூரில் வாகன வடிவமைப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

ஐயா, 2005 கார் அசல் ஜிடி40 போலவே இருக்கிறது. 2017 காரில் அந்தச் சாயலே குறைவு. எது உண்மையான வாரிசு? (கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி)

2017 கார்தான். சண்டைக்கு வருவதற்கு முன் இருக்கையைப் பாருங்கள். ஜிடி40-இன் இருக்கையில் உலோக வளையம் பதித்த துளைகள் இருக்கும். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் கொதிக்கும்போது ஓட்டுநருக்குக் கொஞ்சம் காற்று வேண்டுமே! 2005 கார் அந்தத் துளைகளை அப்படியே எடுத்துக்கொண்டது. ஏசி உள்ள காரில் அவை பெரும்பாலும் அழகுக்குத்தான்.

2017 காரில் அந்தத் துளைகளைத் தேடாதீர்கள். ஆனால் இருக்கை கார்பன் ஃபைபர் கூட்டோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரு பட்டையை இழுத்தால் பெடல்கள்தான் காலை நோக்கி நகர்ந்து வரும். 1964-இல் வந்த ஜிடி40-இன் முதல் வடிவத்திலும் இருக்கை நகராது, பெடல்தான் நகரும். அப்பாவின் மீசையை வைத்துக்கொண்டவன் ஒருவன். அப்பாவின் தொழிலைக் கற்றுக்கொண்டவன் இன்னொருவன்.

வெளித்தோற்றமும் அப்படித்தான். அறுபதுகளின் அந்த உருவம் வேகம் கூடினால் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். அதே தோற்றத்தை வைத்துக்கொண்டதால், 2005 காரின் அடிப்பகுதியில் தனியாக வேலை செய்து அதை அடக்க வேண்டியிருந்தது. 2017 காரில் கூரையிலிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் இறக்கை போன்ற பாகம் வெறும் ஒய்யாரம் இல்லை. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) அனுப்பும் காற்று அதன் உள்வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது.

2017 காரில் எட்டு சிலிண்டர் வி8 இல்லாமல் ஆறு சிலிண்டர் வி6 போட்டது துரோகம் இல்லையா? (மெக்கானிக், பாலக்கோடு)

1966-இல் வென்ற 7 லிட்டர் வி8 வானத்திலிருந்து விழவில்லை. ஃபோர்டின் சாதாரண பெரிய கார்களில் ஓடிய எஞ்சின் குடும்பம்தான் அது. 2017-இன் 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6, அதே நிறுவனத்தின் பிக்கப் வண்டி எஞ்சினுக்கு உறவு. கையில் இருப்பதைக் கூர் தீட்டிப் பந்தயத்துக்கு அனுப்புவது அந்த வீட்டுப் பழக்கம். சத்தத்தில் இழப்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை.

2017 மாடலின் பந்தய வடிவம் 2016-இல் மறுபடி லெ மானில் வென்றதாகச் சொல்கிறார்களே? (தர்மபுரி)

வென்றது ஜிடிஇ ப்ரோ பிரிவில் மட்டும், அதாவது சாலைக் கார்களை ஒட்டி உருவான பந்தயக் கார்களுக்கான பிரிவில். ஒட்டுமொத்த வெற்றி அந்த ஆண்டு போர்ஷேவுக்கு. 1966-இல் புரூஸ் மெக்லாரனும் கிறிஸ் ஆமனும் பெற்றது ஒட்டுமொத்த வெற்றி. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது விளம்பரக்காரர்களின் வேலை. ஆனாலும் பந்தயக் காரையும் சாலைக் காரையும் சேர்த்தே உருவாக்கினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

பெயரில் இருந்த 40 எங்கே போயிற்று? (காவேரிப்பட்டணம்)

40 என்பது உயரம், அங்குலக் கணக்கில். 2005 கார் சுமார் 44 அங்குலம். தவிர, அந்தப் பெயரின் உரிமை அப்போது வேறொருவரிடம் இருந்தது.

தொப்பூர் கணவாயில் 2017 காரை ஓட்டினால் எப்படி இருக்கும்? (லாரி உரிமையாளர், தர்மபுரி)

உங்கள் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும். டிராக் மோடில் (பந்தயத் தடத்துக்கான அமைப்பில்) அந்தக் கார் 50 மி.மீ. தாழும், நம் வேகத்தடைகளுக்கு முன் அந்தப் பொத்தானைத் தொட்டுவிடாதீர்கள். மேலும் அசல் பந்தய ஜிடி40-க்கு ஸ்டியரிங் வலப்பக்கம், பின்வந்த இரண்டுக்கும் இடப்பக்கம் மட்டுமே. நம் இறக்குமதி விதி வலப்பக்கம் கேட்கிறது.

ஒன்றை இலவசமாகத் தந்தால் எதை எடுப்பீர்கள், ஐயா? (ஓசூர்)

2005. அதில் ஆறு கியரையும் கையால் போடலாம். 2017-இல் கிளட்ச் பெடலே கிடையாது. வாரிசு யார் என்று கேட்டதற்குத்தான் அந்தப் பதில் சொன்னேன்.