பயாஸ் செட்டிங் தானாக அழிவது ஏன்? கேள்வி பதில்

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ‘சிமாஸ் செக்சம் எரர்’ என்கிறது, தேதியும் பின்னால் போய்விடுகிறது. மதர்போர்டு போச்சா?

பெரும்பாலும் பேட்டரிதான். 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி காலத்து ஏற்பாடு இது. அதில் மோட்டோரோலா சிப் ஒன்றில் கடிகாரமும் செட்டிங் வைக்கும் 64 பைட் நினைவகமும் (இதுதான் சிமாஸ்) பேட்டரியில் ஓடும்படி சேர்ந்தே இருந்தன. செட்டிங்கைப் பதியும்போது பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) அந்த பைட்டுகளைக் கூட்டி, தொகையையும் (செக்சம்) கூடவே எழுதிவைக்கும். ஆன் செய்ததும் மறுபடி கூட்டிப் பார்க்கும். ஒரு பிட் புரண்டிருந்தாலும் கணக்கு இடிக்கும், உடனே மொத்தத்தையும் தூக்கிப்போட்டுவிட்டு ஆரம்ப நிலைக்குப் போய்விடும்.

புது சிஆர்2032 வட்ட பேட்டரி போடுங்கள். அதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஷட்டவுன் செய்தாலும் போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் இருக்கும்.

புது பேட்டரி போட்டும் அழிகிறதே?

பேட்டரி உட்காரும் இடத்தைப் பாருங்கள். என் போர்டு ஒன்றுக்கு இரண்டு பேட்டரி வாங்கிய பிறகுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன்: அடியில் இருக்கும் பித்தளை நாக்கு அமுங்கிப்போய், பேட்டரியைத் தொடவே இல்லை. பிளக்கைப் பிடுங்கி, ஊசியால் லேசாக நிமிர்த்தினேன். சரியாகிவிட்டது.

எக்ஸ்எம்பி (ராமை அதிக வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போட்டேன், மறுநாள் ராம் பழைய வேகத்தில் ஓடுகிறது.

அந்த வேகத்தில் ராம் எழவில்லை. சில முறை முயன்று பார்த்துவிட்டு போர்டே பின்வாங்கியிருக்கிறது.

யுஇஎஃப்ஐ (பயாஸின் புது வகை) போர்டில் செட்டிங், மின்சாரம் இல்லாமலும் அழியாத ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. பேட்டரிக்கு என்ன வேலை? பழைய கதை சொல்கிறீர்கள்.

பாதி சரி. பல போர்டுகளில் பேட்டரி செத்தால் கடிகாரம் மட்டும்தான் போகும். ஆனால் ‘பேட்டரி மின்சாரம் அறுந்தது’ என்று சொல்ல சிப்செட்டில் ஒரு பிட் உண்டு. அதைப் பார்த்ததும், ஃபிளாஷில் எல்லாம் பத்திரமாக இருந்தாலும் தானே டீஃபால்ட்டுக்கு (ஆரம்ப நிலைக்கு) போகும் ஃபர்ம்வேர்களும் (பயாஸ் போன்ற போர்டு மென்பொருள்) உண்டு. அழிந்தது வேறு, அழித்தது வேறு.

அப்படியானால் ஃபிளாஷில் இருப்பது கெடவே கெடாதா? (அதே நண்பர்)

நான் எப்போது சொன்னேன்? எழுதும்போது மின்சாரம் போனால் கெடலாம். லினக்ஸில் கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளை ஒன்று, ஃபிளாஷில் இருக்கும் யுஇஎஃப்ஐ மாறிகளையும் (செட்டிங் விவரங்கள்) சேர்த்துத் துடைத்து, எழவே எழாமல் போன லேப்டாப்புகள் உண்டு. 2016-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 4.5-இல் அதற்குப் பூட்டு போட்டார்கள்.

தேதி மாறிக்கொண்டே இருக்கிறது, என்ன செய்ய?

முதல் பதில்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் வைத்திருக்கிறேன். தேதி...

உங்களுக்கு மட்டும் வேறு. விண்டோஸ் அந்தக் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகப் படிக்கும், லினக்ஸ் யுடிசியாக (உலகப் பொது நேரம்) படிக்கும், அதனால்தான் இரண்டும் முரண்படுகின்றன. பேட்டரியைத் தொடாதீர்கள்.

ரீசெட் ஆனபின் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கிறது. ஃபார்மட் செய்யவா?

ஐயோ, வேண்டாம். சாட்டா மோட் (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) ஏஹெச்சிஐ-யிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ-க்கோ மாறியிருக்கும். முன்பு இருந்ததற்கே மாற்றிப் பாருங்கள்.

மின்சாரம் இருக்கும்போதே பேட்டரியை மாற்றினால் செட்டிங் போகாதே?

போகாதுதான். அந்த வட்டத் தகடு கை நழுவி போர்டில் விழுந்தால் போர்டே போகும். செட்டிங்கை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்குங்கள்.