பலெர்மோவில் இத்தாலியன் தெரியாமல் படிக்க முடியுமா?

பாடம் ஆங்கிலத்தில்தானே, இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோவுக்குப் போக இத்தாலியன் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதையே கேட்டுவிட்டு, நாலு வார்த்தைகூடக் கற்காமல் விமானம் ஏறியவன்.

வகுப்பறைக்கு ஆங்கிலம் போதும். வாசலைத் தாண்டினால் அது செல்லாக்காசு. பல்லாரோ சந்தையில் மீன்காரர் கூவுவது இத்தாலியன்கூட இல்லை, அந்தத் தீவின் சொந்த மொழியான சிசிலியன்.

போய் இறங்கிய 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதை அஞ்சலகத்தில் கொடுக்க வேண்டும். நான் போனது எட்டாம் நாள். (சோம்பேறி என்று திட்டுங்கள், பரவாயில்லை.) கவுண்டரில் இருந்த அம்மா தாள்களைப் புரட்டிவிட்டு, "மார்கா தா போல்லோ?" என்றார். கையெழுத்துக் கேட்கிறார் என்று பேனாவை எடுத்தேன். அவர் தாடையை மேலே தூக்கி 'த்ச்' என்றார். நம்மூரில் அது 'அடப்பாவமே'. அங்கே 'இல்லை'. என் மேல் இரக்கப்படுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நின்றேன். கடைசியில் தாள்களைத் திருப்பித் தள்ளிவிட்டார். "ஐயோ கடவுளே" என்று முனகினேன்.

"தம்பி தமிழோ?" பின்னால் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. "அவ கேக்கிறது 16 யூரோ முத்திரை. இஞ்ச விக்கிறேல்லை, சிகரெட் கடையில வாங்கோணும். நான் நிக்கிறன், ஓடிப்போட்டு வாங்கோ."

அக்கா முத்திரை என்றது நம்மூர் ரெவின்யூ ஸ்டாம்ப் மாதிரி ஒன்று. அந்த ஊரில் ஈழத்தமிழர் நிறையப் பேர். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெல்லெக்ரினோ மலைக்கு, கத்தோலிக்கப் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு அக்காதான் கூட்டிப்போனார். பாறையில் சொட்டும் நீரைப் பிடிக்கக் கூரை முழுக்கத் தகரத் தகடுகள். கீழே நெற்றியில் திருநீறோடு நம் ஆட்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அக்காவை ஒருமுறை வீடியோ காலில் அறிமுகப்படுத்தியபோது, சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகன் அவருடைய யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டு, "என்னடா, மலையாளமா?" என்று சிரித்தான். அவர் காதில் விழுந்தது. அன்றைக்கு அவனைத் திட்டாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.

"எனக்கு ஆங்கிலமே போதுமாக இருந்தது" என்று யாராவது வருவீர்கள். இருந்திருக்கலாம், நான் என் கதையைத்தான் சொன்னேன். நீங்கள் மூன்று மாதமாவது இத்தாலியன் படித்துவிட்டுப் போங்கள். அந்த முத்திரையையும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். சிகரெட் கடை வாசலில் பெரிய வெள்ளை 'டி' எழுத்து தொங்கும்.