எக்கோ கேம்ப்பா? முதலில் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். டிசம்பரில் கட்ச் பாலைவனத்தில் காட்டுக் கழுதை சஃபாரி போய், எக்கோ கேம்ப் (சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத தங்குமிடம் என்கிறார்கள்) ஒன்றில் இரண்டு இரவு தங்க ஆசை. 68 வயது அம்மாவும் வருகிறார். எக்கோ என்பது நிஜமா, பெயருக்கா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் இடத்தைச் சரிபாருங்கள். கட்சின் உப்புப் பாலைவனத்துக்கு ரண் என்று பெயர்; பெரியது, சிறியது என இரண்டு உண்டு. நிலா வெளிச்சத்தில் வெள்ளை வெளேரென்ற உப்பு வெளி, பக்கத்தில் கூடார நகரம் என்று படம் காட்டினால் அது பெரிய ரண், தோர்டோ பக்கம். காட்டுக் கழுதைச் சரணாலயம் இருப்பது சிறிய ரணில். அகமதாபாத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் தசாடா, ஜைனாபாத் பக்கம் கேம்ப் தேடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் காட்டுகிறேன் என்று சொல்லும் ஏஜென்டை நம்பாதீர்கள்.

சரி, எக்கோ விஷயம். மண் சுவரும் கூரைக் குடிசையும் யார் வேண்டுமானாலும் கட்டலாம். நான் முதலில் கேட்பது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று. ரணுக்குள் போர் போட்டால் வருவது உப்புநீர். அகரியா மக்கள் அதைத்தான் பாத்தியில் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு உப்பு எடுக்கிறார்கள். ஆகவே நல்ல தண்ணீர் குழாயிலோ லாரியிலோ வெளியிலிருந்து வந்தாக வேண்டும். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டுப் பழகிய பக்கத்துக்காரர் நீங்கள், மேலே விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நீச்சல் குளம் கட்டி எக்கோ என்று போர்டு மாட்டினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வாளியும் மக்கும் கொடுத்து, சோலாரில் வெந்நீர் போட்டு, குளித்த தண்ணீரைச் செடிக்கு விடுகிற இடமென்றால் பதிவு செய்யுங்கள். ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும் என்றும் கேட்டு வையுங்கள்.

அப்புறம் ஜீப். காட்டுக் கழுதை மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது. அந்த ஓட்டத்தைக் காட்டவே துரத்துகிற டிரைவர்கள் உண்டு. துரத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தால் அதுபாட்டுக்கு மேயும். முதுகில் ஓடும் கருங்கோடுகூடத் தெரியும். தடத்தை விட்டு விலகவும் சொல்லாதீர்கள். மேலே காய்ந்த ஓடு, அடியில் சேறு.

அம்மாவுக்கு: வாளையாற்றுக் காற்றுக்குப் பழகிய உடம்புதானே என்று இருந்துவிட வேண்டாம். விடியற்காலை திறந்த ஜீப்பில் குளிர் காதுக்குள் இறங்கும். குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், சாக்ஸ் அவசியம். உப்புத்தூசிக்குக் கண்ணாடி. முட்டிவலி இருந்தால் ஜீப்பில் ஏற ஸ்டூல், அறையில் வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா என்று கேளுங்கள். வழக்கமான மாத்திரைகளை இரண்டு நாளைக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அகமதாபாத்தான் வர வேண்டும். எல்லோருக்கும் அடையாள அட்டை வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. அங்கே கம்பு ரொட்டி கிடைக்கும், அம்மாவுக்குப் பிடித்துவிடும். பருப்பில் மட்டும் வெல்லம் போடுவார்கள். ஒரு பாட்டில் ஊறுகாய் பையில் இருக்கட்டும்.