நகையை அடகு வைக்கும் முன் ஒரு வார்த்தை, அண்ணாச்சி

அண்ணாச்சிக்கு வணக்கம்.

மகள் பி.காம். முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறாள், பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்கு நேர்முகத்துக்குப் போனவள் முகம் வாடித் திரும்பிவிட்டாள், அதனால் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஆறு மாத டேட்டா அனலிடிக்ஸ் கோர்ஸில் சேர்க்க மதினியின் நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

ஃபீஸ் கணக்கை விட, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எக்ஸலில் இரண்டு ஷீட் கொடுத்து, ஒன்றில் இருக்கிற விலையை இன்னொன்றில் கொண்டுவரச் சொன்னார்களாம். பிள்ளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து டைப் அடித்திருக்கிறாள். வேலை கைவிட்டுப் போனது அங்கேதான். எக்ஸல் தெரியும் என்று பயோடேட்டாவில் போடாத பிள்ளை நம் பக்கத்தில் கிடையாது. கூட்டல் போடுவார்கள், கட்டம் போடுவார்கள், கலர் அடிப்பார்கள். ஒரு ஷீட்டில் உள்ள தகவலை ஃபார்முலா போட்டு இன்னொரு ஷீட்டுக்கு இழுத்துவரத் தெரியுமா என்றுதான் வேலை கொடுப்பவர் பார்க்கிறார். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஸ்டோர்ஸ் பிரிவு, ஆஸ்பத்திரி பில்லிங், ராதாபுரம் பக்கம் காற்றாலை உதிரிபாகக் கணக்கு என்று எங்கே போனாலும் அடியில் இருக்கிற வேலை இதுதான். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நாலைந்து வாரத்தில் கை பழகிவிடும்.

பழகுவதற்குக் கணக்குத் தேடி வெளியே போக வேண்டாம். மதினி பீடி சுற்றுவதாக எழுதியிருந்தீர்கள். கொடுத்த பீடிக்குக் கணக்கு எழுதுகிற அந்தப் பாஸ் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தெருவில் ஒரு இருபது பேர் கணக்கைப் பார்ப்பதாக வைத்து, ஒரே ஃபைலில் மூன்று ஷீட் போடட்டும். 'ஆள்' என்ற ஷீட்டில் பாஸ் எண்ணும் பெயரும். 'ரேட்' என்பதில் ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்பது, ஒரே ஒரு செல்லில், அதாவது கட்டத்தில். 'கூலி' என்பதில் தேதி, பாஸ் எண், அன்றைக்குக் கொடுத்த பீடி எண்ணிக்கை.

இப்போது கூலி ஷீட்டில் ஒரு செல்லில் சமக்குறி போட்டு, எண்ணிக்கையைத் தொட்டு, ஆயிரத்தால் வகுத்து, பெருக்கல் குறி போட்டு, கீழே ரேட் ஷீட்டின் பெயரைக் கிளிக் செய்து, அங்கே கூலி இருக்கிற செல்லைத் தொட்டு என்டர் தட்டினால் தொகை வந்துவிடும். ஃபார்முலாவை எட்டிப் பார்த்தால் ஷீட்டின் பெயர், ஒரு ஆச்சரியக்குறி, செல்லின் முகவரி என்று இருக்கும். எக்ஸல் மாதிரி இன்னொரு மென்பொருளான லிப்ரே ஆபீஸில் ஆச்சரியக்குறிக்குப் பதில் புள்ளி. ஷீட் பெயரில் இடைவெளி இருந்தால் எக்ஸல் பெயரின் இரண்டு பக்கமும் ஒற்றை மேற்கோள் போட்டுக்கொள்ளும். கையால் டைப் அடிக்கிறவர்கள் அதை விட்டுவிட்டு, ஏன் பிழை காட்டுகிறது என்று முழிப்பார்கள். மவுஸால் தொட்டுப் பழகினால் அந்தத் தொல்லை இல்லை. கூலி உயர்ந்தால் ரேட் ஷீட்டில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

அடுத்து ஃபார்முலாவைக் கீழே இழுப்பாள். முதல் வரி சரியாக வரும், மற்றதெல்லாம் பூஜ்யம். இழுக்க இழுக்க ரேட் செல்லின் முகவரியும் சேர்ந்து இறங்கி, காலியாகக் கிடக்கிற செல்லைப் பிடித்துக்கொள்கிறது. அந்த முகவரியில் கர்சரை வைத்து எஃப்4 தட்டினால் டாலர் குறி விழுந்து பூட்டிக்கொள்ளும். நேர்முகத்தில் பாதிப்பேர் மாட்டுவது இந்த டாலர் குறியில்.

அப்புறம் வீலுக்கப் (VLOOKUP), பட்டியலில் தேடி எடுத்துவருகிற ஃபார்முலா. கூலி ஷீட்டில் பாஸ் எண் மட்டும் போட்டால் பெயர் தானாக வர வேண்டும். எதைத் தேடுவது, எந்தப் பட்டியலில், அந்தப் பட்டியலின் எத்தனையாவது பத்தி, அச்சாக அதேதானா என்று நாலு விவரம் கேட்கும். நாலாவதில் ஃபால்ஸ் என்றோ பூஜ்யம் என்றோ கட்டாயம் போட வேண்டும். விட்டுவிட்டால், பட்டியல் ஏறுவரிசையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துவரும். பெரும்பாலும் பிழை என்று காட்டாது, யாரோ ஒருவர் பெயரை நிறுத்திவிட்டுப் போய்விடும். பிழை காட்டுகிற ஃபார்முலாவைக் கண்டு நான் பயப்படுவதில்லை, இந்த மாதிரி வாயைத் திறக்காமல் தப்புச் செய்வதற்குத்தான் பயம்.

பெயரை வைத்துத் தேடக் கூடாதா என்று பிள்ளை கேட்பாள். நம் ஊரில் ஒரு தெருவுக்கு மூன்று இசக்கியம்மாள் இருப்பார்கள். பெயரைக் கொடுத்தால் பட்டியலில் முதலில் நிற்கிற இசக்கியம்மாளை எடுத்துக்கொண்டு வீலுக்கப் நின்றுவிடும். மற்ற இருவர் கூலியும் அவர் கணக்கில் ஏறினால் பீடிக்கடை வாசலில் சண்டைதான். பாஸ் எண் என்றால் ஆளுக்கு ஒன்று. எந்த இரண்டு ஷீட்டை இணைத்தாலும், இரண்டுக்கும் பொதுவாக, ஒருவருக்கு ஒன்றாக இருக்கிற பத்தி எது என்று முதலில் தேடச் சொல்லுங்கள்.

சில வரிகளில் என்/ஏ (#N/A) என்று வந்து நிற்கும், தேடியது கிடைக்கவில்லை என்று பொருள். எண் கண்ணெதிரே இருக்கிறதே என்று பிள்ளை வாதாடுவாள். பெரும்பாலும் ஒரு ஷீட்டில் 147 எண்ணாகவும், இன்னொன்றில் 0147 எழுத்தாகவும் இருக்கும். இல்லையென்றால் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத்தாகச் சேமித்த எண் என்றால் எக்ஸலில் செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் காட்டிக்கொடுக்கும், இடைவெளியை ட்ரிம் (TRIM) என்ற ஃபார்முலா வெட்டிவிடும். இதற்குச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும், பிழையை மறைக்கிற இஃப்எரர் (IFERROR) போட்டு மூடி வைக்கிற பழக்கம் இப்போதே வர விடாதீர்கள். ரெஃப் (#REF!) என்று வந்தால், பெரும்பாலும் இழுத்துவந்த ஷீட்டையோ பத்தியையோ யாரோ அழித்துவிட்டார்கள் என்று பொருள்.

ஆள் ஷீட்டின் நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்துப் பார்க்கவும் சொல்லுங்கள். வீலுக்கப்பில் இரண்டாவது பத்தி என்று கையால் போட்ட எண் அப்படியே நிற்க, பெயர் வர வேண்டிய இடத்தில் வேறு எதுவோ வரும். இண்டெக்ஸ் (INDEX), மேட்ச் (MATCH) என்ற ஃபார்முலா இரண்டையும் சேர்த்துப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. புதிதாக வந்த எக்ஸ்லுக்கப் (XLOOKUP) இன்னும் சுலபம்தான், ஆனால் எக்ஸலில் அது 2021-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் மைக்ரோசாஃப்ட் 365-லும்தான் உண்டு. 2016, 2019 ஓடுகிற கம்ப்யூட்டரில் அது கிடையாது. போகிற ஆபீஸில் எது இருக்குமோ தெரியாது, அதனால் பழையதையும் கற்றுக்கொண்டுதான் போக வேண்டும்.

இது கைவந்தால் ஆடிட்டர் ஆபீஸ் வேலையில் பாதி வந்த மாதிரி. மாதாமாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி பட்டியல், அதாவது விற்றவர்கள் கணக்கில் காட்டிய பில்களின் பட்டியல், வரும். ஆபீஸ் கணக்குப் பார்க்கிற வியாபாரியின் கொள்முதல் கணக்கு டாலி என்ற கணக்கு மென்பொருளிலிருந்து எக்ஸலாக வரும். இரண்டையும் ஒப்பிட்டு, எந்த பில்லை விற்றவர் கணக்கில் காட்டவில்லை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்கிற உள்ளீட்டு வரி வரவு அதைப் பொறுத்துத்தான். பில் எண்ணை மட்டும் வைத்து இணைத்தால் மாட்டிக்கொள்வாள், ஏனென்றால் விற்ற இரண்டு வியாபாரிகளுக்குமே 25ஆம் நம்பர் பில் இருக்கும். 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் ஒட்டி ஒரே பத்தியாக்கி, அதை வைத்துத் தேட வேண்டும். இசக்கியம்மாள் கதையேதான் இதுவும்.

செலவுக்கு வருகிறேன். ஃபோனில் கூகுள் ஷீட்ஸ் ஓடும், ஆனால் அந்தச் சின்னத் திரையில் ஃபார்முலா அடித்துப் பழகுவது வாதை. அடகுக் காசில் ஒரு சிறு பங்கிலேயே பழைய லேப்டாப் ஒன்று கிடைக்கும். லிப்ரே ஆபீஸ் இலவசம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் வீடியோக்களில், அதில் எக்ஸல் இடத்தில் இருக்கிற கால்க்குக்கான பாடங்கள் தமிழிலேயே உண்டு. பிள்ளை தட்டச்சும் முடித்திருந்தால், அரசுத் தட்டச்சர் பணிக்குக் கேட்கிற கணினிச் சான்றிதழான சி.ஓ.ஏ.வையும் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்து எழுதிவிடலாம். அது தனி வழி, கெடுதல் இல்லை.

அந்த ஆறு மாதக் கோர்ஸ் மோசம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கி, பவர் பிஐ, எஸ்கியூஎல் என்கிற டேட்டா அலசும் கருவிகள் வேண்டும் என்று அவளே கேட்கும்போது அவள் காசில் படிக்கலாம். இப்போதே சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்று மதினி பிடிவாதமாக இருந்தால், பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார விடுவார்களா என்று கேளுங்கள். உட்கார விட்டால், பிள்ளைகள் கையால் செய்கிறார்களா, திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்களா என்று அவளே பார்த்துவிட்டு வரட்டும்.

பீடிக் கணக்கு ஃபைல் தயாரானதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். அதன் பிறகு பாளையங்கோட்டையிலும் டவுனிலும் உள்ள ஆடிட்டர் ஆபீஸ்களுக்கு நேரில் போய்க் கேட்கலாம். மாதம் 20ஆம் தேதி வரை மட்டும் போக வேண்டாம், 3பி என்கிற மாத ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலில் மூழ்கிக்கிடப்பார்கள், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். 23, 24 வாக்கில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போனால் உட்காரவைத்துப் பேசுவார்கள்.