வாசகர் கேள்விகள்: ரவுட்டரில் எம்டியூவை மாற்றலாமா?

கேள்வி: புதிய ரவுட்டரில் சேவை நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு, பிபிபிஓஈ முறையில் இணைத்துவிட்டேன். பல தளங்கள் உடனே திறக்கின்றன. சில மட்டும் பாதி வந்து சுழன்றுகொண்டே நிற்கின்றன. மேம்பட்ட அமைப்புகளில் எம்டியூ 1500 என்று இருக்கிறது. அதை மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். உங்கள் வர்ணனையைப் படித்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியதே அந்த எண்ணைத்தான்.

இணையத்தில் தரவு பாக்கெட் எனும் சிறு துண்டுகளாகவே செல்கிறது; ஒரே பாக்கெட்டில் செல்லக்கூடிய அதிகபட்ச அளவே எம்டியூ. ஈதர்நெட்டில் அது வழக்கமாக 1500 பைட். 1999-இல் வெளியான பிபிபிஓஈ முறையோ ஒவ்வொரு பாக்கெட்டிலும் தனக்கென 8 பைட் எடுத்துக்கொள்வதால், மிஞ்சுவது 1492 தான். உங்கள் பக்கம் 1500 ஏற்கும் என்று நம்பி எதிர்முனை சர்வர் முழு அளவுப் பாக்கெட்டை அனுப்பினால், வழியிலுள்ள கருவி அதைக் கைவிட்டு, ‘அளவைக் குறைத்து அனுப்பு’ என்று ஐசிஎம்பி எனும் பிழை அறிவிப்பு முறை வழியாகச் செய்தி அனுப்பும். பாதுகாப்பு கருதிச் சில தளங்கள் அந்தச் செய்தியையே அடைத்துவைத்திருப்பதால், சர்வர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். சிறிய பாக்கெட்டுகள் தடையின்றிப் போய்வருவதால் இணைப்பு நலமாகவே தோன்றும். இது புரியாமல் கம்பியையும் வைஃபையையும் மாற்றி மாற்றிப் பார்த்து நாட்களை இழப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஊகத்தில் மாற்றாமல் சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் கணினியின் பிங் கட்டளையில், துண்டாக்குவதைத் தடுக்கும் ‘எஃப்’ குறியையும் அளவைக் குறிக்கும் ‘எல்’ குறியையும் சேர்த்து, பிங்குக்குப் பதில் தரும் வெளித்தளம் ஒன்றுக்கு 1472 பைட் அனுப்புங்கள். துண்டாக்க வேண்டும் என்ற பிழைச்செய்தி வந்தாலோ பதிலே வராவிட்டாலோ 1464 ஆகக் குறைத்துப் பாருங்கள். இப்போது பதில் வந்தால், ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளுக்குரிய 28 பைட்டைக் கூட்டுங்கள், 1492 கிடைக்கும். அதையே ரவுட்டரில் எம்டியூவாக இட்டுச் சேமியுங்கள். பாக்கெட்டில் வரும் தரவின் அளவுக்கு வரம்பிடும் எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற தெரிவு இருந்தால் அதையும் இயக்குங்கள். தளங்களைத் திறக்கப் பெரும்பாலும் பயன்படும் டிசிபி இணைப்புகள், தலைப்புகளுக்குரிய 40 பைட் போக, தொடக்கத்திலேயே 1452 பைட்டுக்கு இணங்கிவிடும்.

எதற்கும் 1400 போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டும் தேவையின்றிச் சுருங்குவதால் அந்த யோசனையை நான் ஏற்பதில்லை. மாற்றும் முன் பழைய மதிப்பைக் குறித்துவைக்க மறவாதீர்கள்.

கேள்வி: எங்கள் இணைப்பு, ஐபி முகவரி தானாகவே கிடைக்கும் டிஎச்சிபி முறையிலானது. ரவுட்டரை மாற்றியதும் இணையம் வரவில்லை. ‘மேக் குளோன்’ உதவுமா?

பதில்: சில நிறுவனங்கள் முதலில் இணைந்த கருவியின் மேக் முகவரியை, அதாவது அதன் அடையாள எண்ணை, பதிந்துகொண்டு, வேறு கருவிக்கு ஐபி முகவரி தர மறுக்கும். அப்படியானால் பழைய முகவரியின் 12 இலக்கங்களைப் புதிய ரவுட்டரில் இடும் ‘மேக் குளோன்’ உதவும். பழைய கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது உள்வலைக்குரியதாக இருக்கலாம், இணையப் பக்கத்துக்குரியது கடைசி இலக்கத்தில் மட்டும் மாறுபடக்கூடும். பழைய ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து, இணையப் பக்கத்தைக் குறிக்கும் ‘வான்’ என்ற தலைப்பின் கீழ் உள்ளதையே எடுங்கள். அதன் பிறகு இரண்டு கருவிகளையும் ஒரே வலையில் சேர்த்து இயக்காதீர்கள். நிறுவனத்திடம் சொல்லிப் புதிய முகவரியைப் பதியவைக்க முடியுமானால், அதுவே நேர்வழி.