திருகில் கை வைக்கும் முன்: வீட்டு ஆக்சிஜன் கேள்வி பதில்

நான் சுவாச சிகிச்சையாளர். பதினேழு வருடமாக ஐசியூவிலும் நோயாளிகளின் வீடுகளிலும் இந்த மெஷின்களோடுதான் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் திருகைத் திருப்பி உங்கள் ஆக்சிஜன் அளவை மாற்றுவது உங்கள் நுரையீரல் மருத்துவரின் வேலை.

கேள்வி: அப்பாவுக்கு சிஓபிடி (மூச்சுக்குழாயை அடைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்). நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 90தான் வருகிறது. 4 வைத்தால் 97 வருகிறது. அப்படியே விட்டுவிடலாமா மேடம்?

வேண்டாம். இன்றே 2க்குக் கொண்டுவாருங்கள். சிஓபிடி நோயாளிகள் பலருக்கு இலக்கே 88 முதல் 92 வரைதான். அப்பாவின் 90 அதற்குள் இருக்கிறது.

ஆக்சிமீட்டர் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் சதவீதத்தை மட்டும்தான் காட்டும். கரியமில வாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியவருக்கு 5 லிட்டர் ஓடுகிறது, விரலில் 99. "மூணு நாளா நிம்மதியா தூங்குறார்" என்று மகள் சந்தோஷமாகச் சொன்னார். தோளைத் தட்டினேன், கண் பாதிதான் திறந்தது. கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு பறவைச் சிறகு மாதிரி அடித்துக்கொண்டது. அது தூக்கம் இல்லை, கரியமில வாயு மயக்கம். மாஸ்க் வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப் மெஷினைப் போட்டு இரண்டு நாள் கழித்துத்தான் பேசினார்.

காலையில் தலைவலி, பகலில் தூங்கி வழிவது, பேச்சில் குழப்பம்: இதில் எது வந்தாலும் எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் மெஷின் அறையில் உள்ள ஆக்சிஜனை எல்லாம் இழுத்துவிடாதா?

இழுக்காது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். மெஷினுக்குள் சியோலைட் என்ற தாதுமணிகள் இருக்கின்றன. அழுத்தத்தில் அவை நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். மிஞ்சுவது 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன். பிடித்த நைட்ரஜனை அறைக்கே திருப்பி விட்டுவிடும். சுவரை ஒட்டி வைக்காதீர்கள், வெளி ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கும் சிஓபிடி. 3 லிட்டரை 5 ஆக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். திருகில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: சிபாப், பைபாப் என்ன வித்தியாசம்?

சிபாப் ஒரே அழுத்தத்தில் காற்றைத் தள்ளும். தூக்கத்தில் தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் திறந்து வைக்கும். 1981இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் குழுவினர் குறட்டையோடு மூச்சு நின்றுபோகிறவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார்கள். பைபாப்பில் இரண்டு அழுத்தம்: இழுக்கும்போது அதிகம், விடும்போது குறைவு. அந்த வித்தியாசம்தான் மூச்சை ஆழமாக்கி கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. இரண்டுமே ஆக்சிஜன் மெஷின் இல்லை. தேவைப்பட்டால் ஆக்சிஜனைத் தனியாக இணைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தாத்தாவுக்கு நிமோனியா வந்தபோது 6 லிட்டர் வைத்தோம், பிழைத்தார். ஆக்சிஜன் இயற்கையானது, அதிகமானால் என்ன கெடும்? வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

தாத்தா பிழைத்தது நல்ல சேதி. ஆனால் நோய் வேறு. நிமோனியாவில் இலக்கு பொதுவாக 94 முதல் 98. அந்த அளவை எடுத்து சிஓபிடிக்காரருக்கு வைக்கக் கூடாது. ஆக்சிஜன் ஒரு மருந்து, அதற்கு டோஸ் உண்டு.

கேள்வி: நான் நர்ஸ். "ஆக்சிஜன் கொடுத்தால் மூச்சு விடும் தூண்டுதலே நின்றுவிடும்" என்பது பழைய கதை. இந்தப் பயத்தால் திணறுகிறவருக்குக்கூட ஆக்சிஜன் தராமல் விடுகிறார்கள்.

இரண்டாவது பாதியை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். 88க்குக் கீழே திணறுகிறவருக்கு ஆக்சிஜனை மறுப்பது பெரிய தவறு. முதல் பாதியிலும் நியாயம் இருக்கிறது: தூண்டுதல் குறைவது சிறு பங்குதான். கெட்டுப்போன நுரையீரல் பகுதிகளுக்குப் போகும் ரத்தத்தை உடல் குறைத்து வைத்திருக்கும். அதிக ஆக்சிஜன் அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடுகிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் கரியமில வாயுவையும் முன்போல் சுமக்காது. காரணம் எதுவானாலும் விளைவு அதேதான்: கரியமில வாயு சேர்ந்துவிடும். 2010இல் வெளிவந்த டாஸ்மேனியா ஆய்வில், ஆம்புலன்ஸிலேயே 88–92 என்று அளந்து கொடுக்கப்பட்ட நோயாளிகளிடம் இறப்பு, அள்ளிக் கொடுக்கப்பட்டவர்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே. கொடுங்கள், அளந்து கொடுங்கள். நாம் இருவரும் சொல்வது அதுதான்.

கேள்வி: ராத்திரி மட்டும் வைத்தால் போதுமா?

நீண்டநாள் ஆக்சிஜன் என்று எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு நாளில் குறைந்தது 15 மணி நேரம். 1980, 81இல் வந்த இரண்டு ஆய்வுகள்தான் இதற்கு அடிப்படை. தூக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: மின்சாரம் போனால்?

கையில் ஒரு சிலிண்டர் வேண்டும். கணக்கு எளிது: 10 லிட்டர் கொள்ளளவு, 150 பார் அழுத்தம் என்றால் உள்ளே 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால் 750 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரம். சிலிண்டர் உருளாதபடி சங்கிலி போட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: அப்பா கேனுலாவை (மூக்கில் மாட்டும் ஆக்சிஜன் குழாய்) கழற்றிவிட்டு சிகரெட் பிடிக்கிறார். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. கழற்றிய பிறகும் சட்டையிலும் போர்வையிலும் தாடியிலும் ஆக்சிஜன் தங்கியிருக்கும். ஒரு பொறி போதும், முகமே கருகிவிடும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். மூக்கு காய்ந்தால் பெட்ரோலியம் ஜெல்லியோ எண்ணெயோ தடவாதீர்கள், நீரில் கரையும் ஜெல் போதும். கெஞ்சிக் கேட்கிறேன், இதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: எண் குறைவாக இருக்கிறது, லிட்டரை ஏற்றலாமா?

மூன்றாவது முறை இதே கேள்வி. விரல் சில்லென்று இருக்கிறதா, நகச்சாயம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் டாக்டர் சொன்ன எல்லைக்குக் கீழே என்றால் உடனே அவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஆஸ்துமா குழந்தைக்கு வீட்டில் மெஷின் வாங்கலாமா?

குழந்தை மருத்துவரிடம் போங்கள். அநேகமாக வேண்டியது மெஷின் இல்லை, ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டும் குடுவை) சரியாக எடுக்கும் இன்ஹேலர்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான் மேடம். 2க்குக் குறைத்துவிட்டேன். 89 காட்டுகிறது. அப்பா சாதாரணமாகப் பேசுகிறார்.

சரி. காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். வலிக்கிறது என்றால் நாளைக்கே டாக்டரிடம் கரியமில வாயுவையும் அளக்கும் ரத்த வாயுப் பரிசோதனை பற்றிப் பேசுங்கள். 4இல் எத்தனை நாள் இருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.