கப்பலூர் லேப் வேலையா, இன்னொரு வருஷம் குரூப் 4-ஆ?

கேள்வி: எனக்குப் பேரையூர் பக்கம் ஒரு கிராமம். மதுரையில் பி.எஸ்சி. வேதியியல் படித்து 2023-ல் முடித்தேன், 71 சதவீதம். அதிலிருந்து வீட்டில் இருந்தபடி டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் படிக்கிறேன். ஒரு தடவை கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே போய்விட்டது. இப்போது கப்பலூரில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் லேப் கெமிஸ்ட்டாகக் கூப்பிடுகிறார்கள், சம்பளம் 13,000. "பிரைவேட்டுக்குப் போனா படிப்பு போயிரும், இன்னும் ஒரு வருஷம் பாரு" என்கிறார் அம்மா. சித்தப்பா மகனோ, 60,000 கட்டி சென்னையில் சாஃப்ட்வேர் கோர்ஸில் சேர், வேலை நிச்சயம் என்கிறான். எனக்கு வேண்டியது நிலையான வேலை. எதில் போவது?

பதில்: கப்பலூருக்குப் போங்கள். தேர்வுக்குப் படிப்பதையும் விடவேண்டாம், ஆனால் எழுதும் தேர்வை மாற்றுங்கள். அறுபதாயிரத்தை யாரிடமும் கட்டாதீர்கள்.

முதலில் குரூப் 4. 2024-க்கான அறிவிப்பு வந்தபோது இருந்த இடங்கள் 6,244. பிறகு அது கூடியது என்பது உண்மைதான். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு அது. உங்கள் மூன்று வருஷ வேதியியலுக்கு அங்கே தனி மதிப்பு எதுவும் இல்லை. கட்-ஆஃப் அருகில் வந்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்குத் திறமை இருக்கிறது. அதை இருபது லட்சம் பேர் நிற்கும் வரிசையில் மட்டும் ஏன் நிறுத்த வேண்டும் என்பதுதான் என் கேள்வி. தமிழுக்கும் பொது அறிவுக்கும் படித்ததை அப்படியே குரூப் 2, 2ஏ-வுக்குக் கொண்டு போகலாம். அதோடு, உங்கள் பட்டத்தைக் கேட்கிற தேர்வுகள் சில இருக்கின்றன, நம் பிள்ளைகள் அவற்றின் பக்கமே திரும்புவதில்லை. ரயில்வே தேர்வு வாரியம் ஜூனியர் இன்ஜினியர் பதவிக்கு அறிவிப்பு விடும்போது அதே அறிவிப்பில் கெமிக்கல் அண்ட் மெட்டலர்ஜிக்கல் அசிஸ்டன்ட் என்று ஒரு பதவி இருக்கும். இயற்பியலும் வேதியியலும் படித்த பி.எஸ்சி., 45 சதவீத மார்க் போதும். 'இன்ஜினியர்' என்ற தலைப்பைப் பார்த்ததுமே பி.எஸ்சி. படித்தவர்கள் பக்கத்தைத் தள்ளிவிடுகிறார்கள். இடங்கள் குறைவுதான், ஆனால் கேள்வியில் பாதி உங்கள் புத்தகத்திலிருந்து வரும் தேர்வும் பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து வரும் தேர்வும் ஒன்றல்ல.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலை பற்றியும் பலர் கேட்கிறார்கள். பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி என்றால் இளநிலைப் பட்டமே போதும். வேதியியல் என்றால் எம்.எஸ்சி. வேண்டும் என்று விதி சொல்கிறது. நியாயமா என்றால் எனக்கும் புரியவில்லை, விதி அப்படி. ஆகவே இப்போதைக்கு அது உங்கள் கணக்கில் வராது.

இனி 'நிலையான' என்பதற்கு வருவோம். அம்மாவின் பயம் வீண்பயம் இல்லை. தனியார் கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் ஆளைக் குறைப்பார்கள். ஆனால் யாரைக் கடைசியில் குறைப்பார்கள் என்று பாருங்கள். எந்த மேஜையிலிருந்து கையெழுத்து வராமல் சரக்கு வாசலைத் தாண்டாதோ, அந்த மேஜையில் இருப்பவரை. வாகனக் கம்பெனிக்கு ஆயில் சீல், புஷ் மாதிரி ரப்பர் பாகம் போகிறதென்றால் லோடோடு டெஸ்ட் ரிப்போர்ட்டும் போக வேண்டும். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் முதலில் லேப் பதிவேட்டைத்தான் கேட்பார்கள். மருந்துத் துறையில் இதைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரி, பட்டத்துக்குப் பிறகு மருந்து தயாரிப்பில் மூன்று வருஷம் நேரடி அனுபவம் பெற்றிருந்தால், தயாரிப்பை மேற்பார்வையிடும் தகுதியுள்ள நபராக அவரைக் காட்டி லைசென்ஸ் வாங்கலாம். அப்படிப்பட்டவர் இல்லாமல் கம்பெனி ஓடாது. அதற்குப் புதுச்சேரி, ஓசூர், ஹைதராபாத் என்று போகவேண்டி வரும். வீட்டிலிருந்தே போய் வர நினைத்தால் இதை ஓரத்தில் வையுங்கள்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் வேதியியலுக்குப் பழைய பிடிமானம் ரப்பர்தான். வெள்ளரிப்பட்டியில் டயர், கோச்சடையில் பெல்ட், கப்பலூர், கே.புதூர் எஸ்டேட்டுகளில் அவற்றைச் சுற்றிச் சிறு யூனிட்டுகள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்யும் ஆரோலேப் சிவகங்கை ரோட்டில் இருக்கிறது, ஆவின் இருக்கிறது, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. ஒரு ரப்பர் லேபில் மூன்று வருஷம் நின்றவருக்கு இன்னொரு ரப்பர் லேப் கதவைத் திறக்கும். முதலாளி மாறலாம், உங்கள் தொழில் மாறாது. நான் நிலையான வேலை என்று சொல்வது இதை.

அங்கே என்ன வேலை என்று தெரியாமல் பயப்படவும் வேண்டாம். மிக்சிங்கில் அடித்த ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் ஒரு துண்டு லேபுக்கு வரும். ரியோமீட்டரில் வைத்துச் சூடாக்கினால் ரப்பர் எவ்வளவு நேரத்தில் கியூர் ஆகிறது, அதாவது இறுகி வலுப்பெறுகிறது, என்று ஒரு வளைகோடு வரும். கந்தகமோ, கியூர் ஆவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரோ அளவு தப்பினால் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஷோர் ஏ மீட்டரில் கடினத்தன்மை, இழுவைச் சோதனை. முதல் ஆறு மாதம் சலிப்பாகத்தான் இருக்கும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதாகத் தோன்றும். ஏழாவது மாதத்தில், கோடு ஏன் இன்றைக்கு நேற்று மாதிரி இல்லை என்று மிக்சிங் சூப்பர்வைசருக்கு உங்களால் சொல்ல முடிந்தால் சம்பளம் பற்றிப் பேச உங்களுக்கு வாய் வந்துவிடும். இந்தியன் ரப்பர் இன்ஸ்டிடியூட் டிப்ளமோ தேர்வு நடத்துகிறது. வேலையில் இருந்துகொண்டே எழுதப் பாருங்கள். அறுபதாயிரம் கோர்ஸைவிட அது உங்கள் சம்பளத்தை உயர்த்தும்.

இன்டர்வியூவில் பெரும்பாலும் இப்படி ஒரு கேள்வி வரும்: "0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு லிட்டர் வேண்டும், எப்படிச் செய்வாய்?" எல்லாரும் 4 கிராம் என்கிறார்கள். சரிதான், ஆனால் அது பாதி விடை. சோடியம் ஹைட்ராக்சைடு தராசில் வைக்கும்போதே ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். நீங்கள் எடைபோட்டது 4 கிராமாக இருந்தாலும் உள்ளே இருப்பது அவ்வளவு இல்லை. ஆகவே கரைத்த பிறகு பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை வைத்து, பினாப்தலீன் போட்டு டைட்ரேட் செய்து, உண்மையான நார்மாலிட்டியை, அதாவது செறிவை, பாட்டிலில் தேதியோடு எழுதி ஒட்டுவேன் என்று சொல்லுங்கள். இதைச் சொன்னவரை நான் திருப்பி அனுப்பியதில்லை. இன்னொன்று, லேப் நோட்டில் தப்பாக எழுதிவிட்டால் என்ன செய்வாய் என்பார்கள். வைட்னர் என்று சொல்லிவிடாதீர்கள். ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும்.

சம்பளக் கணக்கு. 13,000 முழுதாகக் கைக்கு வராது, வரவும் கூடாது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பி.எஃப். கட்டாயம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 9,000 என்றால் உங்கள் பங்கு 12 சதவீதம், 1,080 ரூபாய். கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், அதாவது நூறு ரூபாய்க்குள். பன்னிரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கைக்கு வரும், தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் உங்களுக்கும் உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் வைத்தியம் உண்டு. "பி.எஃப். பிடிக்கல, கையில பதினஞ்சு வாங்கிக்கோ" என்று எங்காவது சொன்னால் அந்தப் பதினைந்தை நம்பாதீர்கள். நாளைக்கு அனுபவச் சான்று கேட்கும்போது, நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு ஆதாரமே பி.எஃப். பதிவுதான்.

'டிரெய்னி' என்று எடுக்கிறார்களா, 'அப்ரண்டிஸ்' என்று எடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். மத்திய அரசின் நாட்ஸ் என்ற அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் பட்டதாரி அப்ரண்டிஸ் என்றால் மாத உதவித்தொகை உண்டு (2019 விதி வந்தபோது குறைந்தது 9,000 என்று இருந்தது), பி.எஃப். கிடையாது, முடிவில் அரசுச் சான்றிதழ் உண்டு. பெரிய கம்பெனிக்குள் நுழைய அது நல்ல வழி. ஆனால் 13,000 நேரடி வேலை கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

தண்ணீர் கேன் யூனிட் மாதிரி சிறு இடங்களிலிருந்து இன்னொரு விதமான அழைப்பும் வரலாம்: "நீ வர வேண்டாம்மா, சர்டிபிகேட் மட்டும் குடு, மாசம் ஒரு தொகை போட்டு விடுறோம்." கொடுக்காதீர்கள். பார்க்காத தண்ணீருக்கு உங்கள் பெயரில் ரிப்போர்ட் போகும், வழக்கு வந்தால் அதில் உங்கள் பெயரும் இருக்கும்.

சாஃப்ட்வேர் கோர்ஸ் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை நிச்சயம் என்று முன்பணம் வாங்குகிற இடம், அந்த உத்தரவாதத்தை எழுத்தில் தருமா, வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று உங்கள் சித்தப்பா மகனையே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பைத்தானோ எக்செலோ கற்க ஆசை இருந்தால் நல்லது, லேபிலும் உதவும். அரசின் நான் முதல்வன் தளத்தில் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைப் பற்றி யோசிக்கலாம். பி.எட். என்று வீட்டில் பேச்சு வந்தால் இதையும் சொல்லி வையுங்கள்: படிப்பு இரண்டு வருஷம், பிறகு டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு, 2018-ல் வந்த 149-ஆம் எண் அரசாணைக்குப் பிறகு அதற்கும் மேல் ஒரு போட்டித் தேர்வு. பாடம் நடத்தப் பிடிக்கும் என்றால் மட்டும் போங்கள்.

படிப்பு விட்டுப்போகுமா? கொஞ்சம் விட்டுப்போகும். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே காலையில் ஒரு மணி நேரம், ஞாயிறு முழுநாள் என்று படிப்பவர்களை நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போய்ப் பாருங்கள். அம்மாவையும் ஒரு நாள் கூட்டிப் போங்கள். கே.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசப் பயிற்சி வகுப்பும் நடக்கும். பதிவை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2023-ல் பதிந்திருந்தால் தேதியை இன்றே பாருங்கள். அவர்கள் தரும் உதவித்தொகையைக் கணக்கில் வைக்க வேண்டாம். பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்.

சேரும் முன் கேட்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். லேபுக்கு ஜெனரல் ஷிப்ட் மட்டுமா, இரவு ஷிப்ட்டும் உண்டா. உண்டென்றால் திருமங்கலம் வரையா, ஊர் வரையா வண்டி. பேரையூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு போய் இதைக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அப்பாயின்மென்ட் ஆர்டர் தாளில் வாங்குங்கள், அதில் பதவிப் பெயர் 'கெமிஸ்ட்' என்றோ 'க்யூ.சி.' (தரக் கட்டுப்பாடு) என்றோ இருக்கட்டும், 'ஹெல்பர்' என்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இடையில் விலக மாட்டேன் என்று இரண்டு வருஷ பாண்ட் கேட்டால் ஒரு வருஷத்துக்குப் பேசிப் பாருங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டிவிட்டு அன்றே கையோடு வாங்கி வந்துவிடுங்கள். நகல் மட்டும் அவர்கள் ஃபைலில் இருக்கட்டும்.